செம்மண் சடக்கு – 9: பங்களா மேடு

“இரும்புதானே தம்பி?”

கேட்டுக்கொண்டே பெரியவர் என் சைக்கிளின் மேல்குழாயை விரல் முட்டியால் தட்டினார். மெல்லிய வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் ஓர் ஓசை எழுந்து அடங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சடக்கில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் முச்சந்தியில் பலகையடித்த சாப்பாட்டுக் கடை. ஞாயிறு காலை ஏழரை மணி. பசியாற இறங்கியிருந்தேன். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் இந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வருவதில்லை. என் வாயிலும் வராது.

“எங்க அப்பா வச்சிருந்தது ராலே. தூக்கணும்னா ரெண்டு ஆளு வேணும். அதுலதான் ஆத்தோரம் போயி மீன் வாங்கிட்டு வருவாரு. ஆனா பங்களா மேடு வந்துச்சுன்னா எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவாரு.”

“மேடு அவ்வளவு செங்குத்தா ஐயா?”

“மேடு இல்ல தம்பி. துர.”

அதற்குமேல் ரொட்டி இறங்கவில்லை. இந்தத் தொடரில் இந்த வாரம் சைக்கிளின் சட்டத்தைப் பற்றி மட்டுமே எழுதுவதாக இருந்தேன். இப்போது அந்த ‘துர’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் தோட்டத் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். கிராணி வந்தாலும் அப்படித்தான். சொந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி. வேலை முடிந்து, குளித்து, தன் நேரத்தில் தன் வழியே போகிறான். ஆனாலும் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்திருந்தால் அவன் தலை துரையின் தலைக்குச் சமமாகிவிடும், சில வேளை மேலேயும் போய்விடும். இந்த வழக்கத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளின் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும் நோய்க்கு மருத்துவமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் யாரும் அத்துமீறக் கூடாது. உறவினர் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். இந்தப் பெரிய பெரிய நியாயங்களுக்கு நடுவில், அதே வரிசையில், அதே கனத்தோடு இன்னொன்றும் இருக்கிறது: துரைமார் முன்னிலையிலும் கிராணிமார் முன்னிலையிலும் சைக்கிளில் ஏறிப் போக எங்களை அனுமதிக்க வேண்டும்.

முதல்முறை படித்தபோது இது ஏன் இங்கே வந்தது என்று நினைத்தேன். கூலியோடும் மருந்தோடும் சேர்த்துவைக்கும் அளவுக்குச் சைக்கிள் பெரிய விஷயமா என்று. இப்போது அந்தப் பட்டியலில் என் கண் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். மற்றக் கோரிக்கைகள் வாழ்க்கை நடத்தத் தேவையானவை. இதை எழுதச் சொன்னவன், தான் மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

மே 5-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். கிளர்ச்சி சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. அவசர நிலை அறிவித்து இந்தியப் படையையே இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. தீபகற்பத்தின் சடக்குகளில் அந்தப் படை தெற்கு நோக்கி வந்ததில் பெரும்பகுதி சைக்கிளில் வந்தது. டயர் பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். அந்தச் சத்தத்தை இரவில் கேட்டவர்கள் கவச வண்டி வருவதாக நினைத்துப் பயந்ததாகச் சொல்வார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. மே மாதம் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைமார்கள், ஜனவரியில் சைக்கிளில் வந்தவர்களுக்கு முன்னால் பங்களாக்களைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். ஆனால் அதில் நம்மவர்களுக்கு விடிவு ஒன்றும் இல்லை. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் லயம் லயமாக ஆள் பிடித்துப் போனதைப் பற்றி இந்தத் தொடரில் தனியாக எழுத வேண்டும்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன்.

என்னுடையது இங்கிலாந்தில் செய்த பழைய ரேஸ் சைக்கிள். வளைந்த ஹேண்டில், ஒல்லி டயர். சட்டம் ரெனால்ட்ஸ் 531 என்ற குழாயில் ஆனது. பர்மிங்காமில் 1935-இல் அறிமுகமான, மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு அது. இரும்பு என்றுதான் நாம் சொல்கிறோம், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் குழாயின் நுட்பம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இருக்கிறது. இரண்டு முனையிலும் சுவர் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்திருப்பார்கள். பளு தாங்குவதும் பற்றவைக்கும் சூட்டைத் தாங்குவதும் முனைகள்தானே? நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமே போதும். இந்த யோசனைக்கு ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பெரியவர் தட்டியதும் மணிபோல் ஒலித்ததற்கு அந்த மெல்லிய நடுப்பகுதிதான் காரணம். குழாய்கள் கூடும் இடங்களில் உறைபோல் ஒரு மூட்டு. அதற்குள் குழாயைச் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

பர்மிங்காம் என்று எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. டன்லப் நிறுவனத்தின் மாபெரும் டயர் ஆலை இருந்ததும் அதே ஊரில்தான். அந்த நிறுவனத்துக்கு மலாயாவில் சொந்தமாகவே ரப்பர் தோட்டங்கள் இருந்தன. விடிகாலை இருட்டில் காண்டா வாளியோடு போய் நம் பாட்டன் பாட்டி வெட்டிய பால், கப்பலேறி அங்கே டயராகி, சைக்கிளில் மாட்டப்பட்டு இங்கேயே விலைக்கு வந்தது. அதை வாங்கிய பாட்டனைத்தான் அதிலிருந்து இறங்கச் சொன்னார்கள்.

பழைய சட்டத்தில் பின்சக்கரத்துக்கு விட்டிருந்த இடைவெளி 126 மில்லிமீட்டர். இப்போது கிடைக்கும் சக்கரங்களுக்கு 130 வேண்டும். பட்டணத்துச் சைக்கிள் கடைத் தவுக்கே ஒரு மரச்சட்டத்தை உள்ளே கொடுத்து, பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர், மெதுவாக நெம்பினார். பிறகு பின்முனையில் நூலைக் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றி மறுபுறம் கொண்டுவந்து, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் மயிரிழை கூடியிருந்தது. மறுபடி நெம்பினார். அரை மணி நேரத்தில் நாற்பது வயதுச் சட்டம் புதுச் சக்கரத்தை ஏற்றுக்கொண்டது. அலுமினியத்தை இப்படி நெம்பினால் வெடித்துப்போகும், கார்பனில் நினைத்தே பார்க்க முடியாது. வளைத்தால் வளைந்து, வளைந்த இடத்தில் நிற்கும் எஃகின் இந்தக் குணத்துக்காகவே நான் இதை வைத்திருக்கிறேன்.

இரும்புச் சட்டம் சாலையின் அதிர்வை விழுங்கிவிடும் என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதி உண்மை. மீதிப் பாதி டயரில் இருக்கிறது. 23 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 28 போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் தோட்டத்துச் சடக்கில் என் மணிக்கட்டு பிழைத்தது. லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் வளைவுகளில் நசுங்கிக் கிடக்கும். மழை தூறினால் அங்கே எண்ணெய் வழுக்கும், எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

இரும்புக்கு எதிரி துருதான், அதுவும் உள்ளிருந்து வரும் துரு. நம் ஊர் மழைக்குப் பிறகு சீட் கம்பியைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, உள்ளே தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். ஓராண்டு நான் அதைச் செய்யாமல் விட்டேன். அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் பூத்து இறுகிப்போனது. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து கிரீஸ் தடவாமல் எதையும் செருகுவதில்லை.

வழக்கமாக நான் போகும் பாதை தென்னமரம் தோட்டத்துப் பக்கம் போகும். அந்தப் பெயரைத் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியது அங்கேதான். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. இன்று இந்த வட்டாரம் முழுக்கப் பச்சையாக நிற்பதெல்லாம் அந்தப் பனைதான். பால்மரமும் லயங்களும் பெரும்பாலும் போய்விட்டன.

பெரியவர் சொன்ன மேடு இருக்கிறது. அதன்மேல் இருந்த பங்களா இப்போது இல்லை. அடித்தளமும் ஒரு தூங்குமூஞ்சி மரமும் மட்டும் நிற்கின்றன.

“ஒரு தடவ ஒக்காந்து பாக்கறீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

வயது எண்பதுக்கு மேல் இருக்கும். ஹேண்டிலை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கடைக்காரப் பையன் தோள் கொடுக்க, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கால் தரையில் எட்டவில்லை. வலது கையால் ஹேண்டிலில் எதையோ தடவித் தேடினார்.

“பெல்லு எங்க?”

“இல்லீங்க ஐயா.”

“பெல்லு இல்லாம என்னா சைக்கிளு? அப்பா வண்டியில பெல்லு இருந்துச்சு. அந்த மேட்டுல மட்டும் அடிக்க மாட்டாரு.”

அன்று மாலையே பட்டணத்துக்குப் போய்ப் பித்தளை மணி ஒன்று வாங்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு காலை மேட்டின் அடியில் கியரைக் குறைத்து, சீட்டிலிருந்து எழாமல், மெதுவாக மிதித்து ஏறினேன். தூங்குமூஞ்சி மரத்தடி வந்ததும் இரண்டு முறை அடித்தேன். சத்தம் பனைகளுக்குள் கொஞ்ச தூரம் போனது. கீழே முச்சந்திக் கடையில் பெரியவர் காதுக்கு எட்டியிருக்குமா என்று தெரியவில்லை. கேட்பதற்காக இறங்கிப் போனேன்.

(தொடரும்)