பந்தய ஓட்டுநர் தேர்வில் திறமையும் புரவலர் நிதியும்

தானுந்துப் பந்தய அணிகள் தமக்கான ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டும் திறமை, ஓட்டுநர் தம்முடன் கொண்டுவரும் புரவலர் நிதி ஆகிய இரண்டையும் கணக்கில் கொள்கின்றன. அணியிடமிருந்து சம்பளம் பெறாமல், தாமோ தம் புரவலர்களோ அணிக்குப் பணம் செலுத்தி இடம் பெறும் ஓட்டுநர் கட்டண ஓட்டுநர் எனப்படுவார். பார்முலா 1 பந்தயங்களில் இதுவரை பங்கேற்ற இந்தியர் இருவர் மட்டுமே. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய அவ்விருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தோடு தொடர்புடையவர்கள். திறமையும் நிதியும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதை இவர்களது வாழ்க்கை விளக்குகிறது.

அணிகளுக்கு நிதி தேவைப்படும் காரணம்

பார்முலா 1 அணி ஒவ்வொன்றும் தன் வண்டியின் உடற்பகுதியைத் தானே வடிவமைக்க வேண்டும். ஆய்வு, உற்பத்தி, பயணம், பணியாளர் ஊதியம் என இதற்கான செலவு மிகப் பெரியது. பருவத்தின் முடிவில் வழங்கப்படும் பரிசுத் தொகையில் முன்னணி அணிகளுக்கே பெரும்பங்கு செல்கிறது. பின்தங்கிய அணிகள் பற்றாக்குறையை ஈடுசெய்ய ஓட்டுநர் இருக்கையையே ஒரு வருவாய் வழியாகக் கொள்வது உண்டு. அணிகளின் ஆண்டுச் செலவுக்கு 2021 ஆம் ஆண்டில் 14.5 கோடி அமெரிக்க டாலர் உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. ஓட்டுநர்களின் சம்பளம் இவ்வரம்பில் சேராது.

இடங்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. 2025 பருவத்தில் 10 அணிகளில் 20 இடங்களே இருந்தன. ஓர் ஓட்டுநர் விலகினாலன்றி மற்றொருவர் நுழைய இயலாது.

திறமையை அளப்பதில் உள்ள சிக்கல்

ஓட்டப் பந்தய வீரரின் திறமையை அவரது நேரத்தைக் கொண்டு அளக்கலாம். தானுந்துப் பந்தயத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஓட்டுநர், வண்டி, பொறி, சக்கரம், தடத்தின் வெப்பநிலை ஆகிய அனைத்தின் கூட்டு விளைவாகும். எனவே ஒரே வகை வண்டியை ஓட்டும் சக அணி ஓட்டுநரோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க அளவுகோலாகக் கருதப்படுகிறது. அதுவும் முழுமையானதன்று. புதிய உதிரி பாகங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காமல் போகலாம். ஒருவருக்குப் பயிற்சி நேரம் கூடுதலாக அமையலாம்.

பயிற்சிக்கும் பணம் தேவை. சிறு வயதில் கார்ட்டிங், பின்னர் பார்முலா 4, பார்முலா 3, பார்முலா 2 என ஒவ்வொரு படியிலும் செலவு பன்மடங்கு உயர்கிறது. அதிக நாட்கள் ஓட்டிப் பழகியவர் வேகமாக ஓட்டுவது இயல்பு. ஆகவே பார்முலா 1 அணியின் கதவைத் தட்டும் நிலையில் வெளிப்படும் திறமையில், அதற்கு முன் செலவிடப்பட்ட பணமும் கலந்தே இருக்கும்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் இக்கழகம் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. பின்னர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் ஒன்றை உருவாக்கியது. 1990 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இத்தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர் ஆகும்.

இக்காலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 பொறியைப் பயன்படுத்திய பார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். உள்நாட்டிலேயே கிடைக்கும் பொறி என்பதால், வெளிநாட்டு வண்டி வாங்க இயலாத இளைஞர்களும் பந்தயத்தில் நுழைய முடிந்தது. கரிவரதன் 1995 ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். கோயம்புத்தூரில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நரேன் கார்த்திகேயன்

1977 சனவரி 14 அன்று பிறந்த நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரில் வளர்ந்தவர். இவரது தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்தியப் பேரணிப் பந்தயங்களில் வெற்றி பெற்றவர். நரேன் பார்முலா மாருதி வண்டியில் திருப்பெரும்புதூர் தடத்தில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். பிரான்சில் பயிற்சி பெற்ற பின், 1994 ஆம் ஆண்டில் பிரித்தானிய பார்முலா போர்டு குளிர்காலத் தொடரையும் 1996 இல் பார்முலா ஆசியா தொடரையும் வென்றார். 2001 ஆம் ஆண்டில் சாகுவார் அணியின் வண்டியைச் சோதனை ஓட்டம் செய்து, பார்முலா 1 வண்டியை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

2004 பருவத்திற்கு மினார்டி அணி இவருக்கு ஓர் இடம் தர முன்வந்தது. தேவைப்பட்ட புரவலர் நிதியைத் திரட்ட முடியாததால் அவ்வாய்ப்பு கைநழுவியது. அடுத்த ஆண்டே டாட்டா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவுடன் சோர்டன் அணியில் சேர்ந்தார். இந்த ஓராண்டு இடைவெளியில் முதன்மையாக மாறியது அவருக்குப் பின்னிருந்த நிதியே.

2005 ஆம் ஆண்டு ஆத்திரேலிய கிராண்ட் பிரீயில் அறிமுகமான நரேன், சூன் 19 அன்று நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் நான்காம் இடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். சக்கரப் பாதுகாப்புச் சிக்கலால் மிச்செலின் சக்கரங்களைப் பயன்படுத்திய அணிகள் விலகியதால், அப்பந்தயத்தில் 6 வண்டிகளே ஓடின. பார்முலா 1 இல் புள்ளி பெற்ற ஒரே இந்தியர் இவர். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வில்லியம்சு அணியின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றினார்.

கருண் சந்தோக்

1984 சனவரி 19 அன்று சென்னையில் பிறந்த கருண் சந்தோக், மோட்டார் விளையாட்டுக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர். அப்போது பார்முலா 1 க்கு அடுத்த நிலையில் இருந்த ஜிபி2 தொடரில் 2007 இல் பெல்சியத்திலும் 2008 இல் செருமனியிலும் வெற்றி பெற்றார். 2010 இல் புதிதாகத் தொடங்கப்பட்ட எச்ஆர்டி அணியில் இடம் பெற்றார்.

பருவத்தின் முதல் பந்தயமான பகுரைனில் பயிற்சி நேரத்திற்குள் இவரது வண்டி ஆயத்தமாகவில்லை. தகுதிச் சுற்றில்தான் அவ்வண்டியை முதன்முதலாக ஓட்டினார். இத்தகைய நிலையில் ஓர் ஓட்டுநரின் திறமையை மதிப்பிடுவது கடினம். 10 பந்தயங்களுக்குப் பின், செருமானிய கிராண்ட் பிரீ முதல் இவரது இடத்தில் சப்பானைச் சேர்ந்த சக்கோன் யமமோட்டோ ஓட்டினார். யமமோட்டோவுக்கு இருந்த புரவலர் ஆதரவே இம்மாற்றத்திற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. சந்தோக் 2011 இல் லோட்டசு அணிக்காக மேலும் ஒரு பந்தயத்தில் பங்கேற்றார்.

2011: ஒரே இருக்கை, இரு ஓட்டுநர்கள்

2011 இல் நரேன் எச்ஆர்டி அணி மூலம் பார்முலா 1 க்குத் திரும்பினார். பிரித்தானிய கிராண்ட் பிரீ முதல் அவரது இடம் ஆத்திரேலியரான டேனியல் ரிக்கார்டோவுக்குச் சென்றது. ரிக்கார்டோவைத் தன் இளையோர் திட்டத்தில் வளர்த்த ரெட் புல் நிறுவனமே அவ்வாய்ப்பை ஏற்பாடு செய்தது. பின்னாளில் அவர் 8 கிராண்ட் பிரீ வெற்றிகளைப் பெற்றார்.

இந்நிகழ்வில் இருவருமே வெளியிலிருந்து வந்த ஆதரவைச் சார்ந்திருந்தனர். ஒருவருக்குப் பின் இருந்தவை தம் பெயரை விளம்பரப்படுத்த விரும்பிய நிறுவனங்கள். மற்றவருக்குப் பின் இருந்தது எதிர்கால வெற்றியாளரைத் தேடிய நிறுவனம். எனவே பணம் பெற்று நுழைந்தவர் திறமையற்றவர் என்று பொதுவாகக் கூறிவிட இயலாது.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் எச்ஆர்டி அணி நரேனுக்கு மீண்டும் வாய்ப்பளித்தது. 2012 பருவம் முழுவதும் அவ்வணிக்காக ஓட்டினார். அப்பருவத்தின் முடிவில் அணியே கலைந்தது. அதன் பின் 2025 வரை எந்த இந்தியரும் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவில்லை.

பிற நாட்டு எடுத்துக்காட்டுகள்

* ஆத்திரியாவின் நிக்கி லௌடா வங்கிக் கடன் பெற்று மார்ச் அணியில் இடம் வாங்கினார். பின்னர் 1975, 1977, 1984 ஆம் ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார்.
* மைக்கேல் சூமாக்கர் 1991 இல் சோர்டன் அணியில் அறிமுகமானபோது அவ்விடத்திற்கு மெர்சிடிசு நிறுவனம் பணம் செலுத்தியது. அவர் பின்னர் 7 முறை உலக வாகையர் ஆனார்.
* நிக்கோ உல்க்கன்பர்க் 2010 இல் பிரேசிலில் முதல் தொடக்க இடத்தைப் பெற்றும் வில்லியம்சு அணியில் தம் இடத்தை இழந்தார். வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவன ஆதரவுடன் பாசுட்டர் மால்டொனாடோ அவ்விடத்தைப் பெற்றார். மால்டொனாடோ 2010 ஜிபி2 வாகையர் என்பதும், 2012 எசுப்பானிய கிராண்ட் பிரீயை வென்றார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

உரிம விதிகள்

பணம் மட்டுமே தகுதியாகிவிடாமல் தடுக்க பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு மேலுரிமம் என்னும் முறையைக் கையாள்கிறது. 2016 முதல் இவ்வுரிமம் பெற, மூன்று பருவங்களில் 40 புள்ளிகளைக் கீழ்நிலைத் தொடர்களில் ஈட்ட வேண்டும். பார்முலா 2 தொடரில் முதல் மூன்று இடங்களைப் பெறுவோர் ஒரே பருவத்தில் இப்புள்ளிகளைப் பெறுவர். இவ்விதி திறமைக்கு ஒரு கீழ்வரம்பை வகுக்கிறது. எனினும் அப்புள்ளிகளை ஈட்டும் தொடர்களில் பங்கேற்கவே பெருந்தொகை தேவைப்படுவதால், நிதியின் செல்வாக்கு பார்முலா 1 இலிருந்து கீழ்நிலைகளுக்கு இடம்பெயர்கிறது.

தொழிற்பகுதியும் புரவலர்களும்

இருங்காட்டுக்கோட்டையில் இயுண்டாய் ஆலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012 இல் தைம்லர் சரக்குந்து ஆலையும், 2013 இல் ராயல் என்பீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. ரெனோவும் மெர்சிடிசும் பார்முலா 1 இல் அணி நடத்திய பெயர்கள். ஆயினும் அவற்றின் ஓட்டுநர் தேர்வு ஐரோப்பாவிலேயே நடைபெற்றது. தொழிற்சாலை அமைந்துள்ள ஊர் என்பது ஓட்டுநருக்கு எந்த முன்னுரிமையையும் தரவில்லை. புரவலர் நிதி, பொருளை வாங்கும் மக்கள் பந்தயத்தைப் பார்க்கிறார்களா என்பதையே பெரிதும் சார்ந்தது. 2013 உடன் இந்திய கிராண்ட் பிரீ நின்றுபோனது இவ்வகையில் இந்திய ஓட்டுநர்களுக்கு ஓர் இழப்பாகும்.

உள்நாட்டுப் பந்தயங்களை நெடுங்காலமாகத் தாங்கி வருபவை எம்ஆர்எஃப், சேகே டயர் போன்ற சக்கர நிறுவனங்களே. கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் பார்முலா எல்ஜிபி பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. இத்தகைய தொடர்களில் அனைவரும் ஒரே வகை வண்டியை ஓட்டுவதால், ஓட்டுநர்களின் திறமையை ஒப்பிடுவது எளிதாகிறது. செலவும் ஒப்பீட்டளவில் குறைவு.

பணவசதியற்ற குடும்பத்தில் பிறந்த ஒருவரின் திறமை கார்ட்டிங் நிலையிலேயே கண்டறியப்பட்டு நிதியுதவி பெறாவிட்டால், அவர் ஒப்பீட்டுக்குரிய பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. அணி இருக்கைக்கான போட்டியில் தோற்றவர்களைக் கணக்கிடலாம். போட்டிக்கே வர இயலாதவர்களைக் கணக்கிட வழியில்லை.