நீதி சொன்ன கதை, கேள்வி கேட்கும் கதை

காக்காய் வடை கதையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பாட்டி வடை சுட்டாள், காக்காய் தூக்கிக்கொண்டு போனது, நரி பாடச் சொன்னது, வடை கீழே விழுந்தது. அன்று கதை அதோடு முடியும். முடிந்த கையோடு சொன்னவர் ஒரு வரி சேர்ப்பார்: “அதனாலதான் யாராவது புகழ்ந்தா மயங்கக் கூடாது.” குழந்தை தலையை ஆட்டும். கடைசிக் கவளம் உள்ளே போகும்.

இன்று அதே கதையை ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் சொல்கிறார் என்று வையுங்கள். வடை விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: “வடை போனதும் காக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? நரிக்கு நெஜமாவே பாட்டு கேக்கணும்னு ஆசையா?” ஒரு குழந்தை, “நரிக்கும் பசிதானே டீச்சர்” என்கிறது. இன்னொன்று, “கேட்டிருந்தா காக்கா பாதி குடுத்திருக்கும்” என்கிறது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “வடை பாட்டியோடதாச்சே, பாட்டி பாவம் இல்லையா?” தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கதை மாறவில்லை. கடைசி வரி கைமாறியிருக்கிறது. அன்று அது சொல்பவருடையது. இன்று மெல்ல மெல்லக் கேட்பவருடையதாகிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் மனம், உணர்ச்சி, பிறரோடு பழகும் பாங்கு ஆகியவற்றில் கதைக்கு உள்ள பங்கு அரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்று பார்த்தால், எல்லாம் இந்த ஒரு கைமாற்றத்தில் வந்து நிற்கும்.

வீடு நிறைய ஆட்கள்

அன்றைய கதைக்கு வேலை குறைவு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய நான்கு குழந்தைகள். பெரியப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள் என்று ஒரே முற்றத்தில் ஒரு பட்டாளம் இருக்கும். ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்வது, அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது, விட்டுக்கொடுத்தவனை அத்தை தட்டிக்கொடுப்பது, காய் விட்டுப் பழம் விடுவது எல்லாமே பழகும் பாங்குக்கான பாடங்கள்தான். சாவு வீட்டுக்கும் குழந்தைகள் போனார்கள். பெரியவர்கள் வாய்விட்டு அழுவதைப் பார்த்தார்கள். கோபமும் பொறாமையும் ஏக்கமும் எப்படியிருக்கும் என்று கதை வந்து சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை. வாழ்க்கை கொட்டிக் கொடுத்ததற்குத் தீர்ப்பு எழுதுவதே கதையின் வேலை. பள்ளியிலும் நீதிபோதனை வகுப்பு என்றே அதற்குப் பெயர்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி 1.8. ஒற்றைப் பிள்ளை, அடுக்குமாடி வீடு, பூட்டிய கதவு, மாலையில் டியூஷன். அன்று பத்துப் பேர் செய்த வேலையை இன்று ஒரு கதைப் புத்தகத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். கதையின் பாரம் கூடியதற்கு முதல் காரணம் இதுதான்; புதுக் கல்விக் கொள்கைகள் எல்லாம் பிறகு வந்தவை.

அதற்காக அன்றைய கதை பொற்காலத்துக் கதை என்று சொல்லிவிட முடியாது. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், தூங்காவிட்டால் மூணு கண்ணன் பிடித்துக்கொண்டு போவான். பயம்தான் கைக்கு எளிதாகக் கிடைத்த கருவி. பயந்த குழந்தையிடம் பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது, பொம்பளைப் பிள்ளை கோபப்படக் கூடாது. கதைகளில் மாற்றாந்தாய் கொடுமைக்காரி, ஊனமுற்றவர் கேலிக்கோ பரிதாபத்துக்கோ உரியவர். யாரோடும் பேசாமல் ஓரமாக நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எந்தக் கதையிலும் இடமில்லை. ஊர் அவனுக்கு வைத்த பெயர் ‘ஒரு மாதிரி’ அல்லது ‘திமிர்’.

வேதாளம் கேட்ட கேள்வி

அன்றும் கேள்வி கேட்ட கதை ஒன்று உண்டு. 1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் இதழ்தோறும் வந்த விக்கிரமாதித்தன் கதை அது. கையில் வாள், தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம் என்று ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்றும் கண்ணில் நிற்கும். வேதாளம் கதை சொல்லிவிட்டு, இவர்களில் யார் செய்தது சரி, உண்மையான தியாகம் யாருடையது என்று கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். ஒருவரின் செயலைப் பார்க்காதே, அதன் பின்னால் இருந்த மனத்தைப் பார் என்பதே அந்தக் கதைகளின் சாரம். இன்றைய குழந்தை உளவியல் கேட்பதும் அதையேதான். ஆனால் அடுத்த பத்தியிலேயே விக்கிரமாதித்தன் விடையைச் சொல்லிவிடுவான். யோசிக்க வேண்டிய பிள்ளைக்குத் தலை போகும் ஆபத்து வந்ததே இல்லை.

அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். 1972இல் ‘கோகுலம்’ வந்தது. அந்த இதழ்களால் வாசிக்கும் பழக்கம் பெருகியது, குழந்தைக்கென்று தனி மொழி உண்டு என்ற எண்ணம் வந்தது. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற பிரிவு மட்டும் அவ்வளவு எளிதில் போகவில்லை.

பொம்மைக் கதை ஒன்று

திருப்பம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் லண்டனில் குழந்தைகளுக்கு ஒரு பொம்மைக் கதை நடித்துக் காட்டினார்கள். சாலி தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கிறாள். திரும்பி வரும் சாலி கோலியை எங்கே தேடுவாள்? கூடையில் என்று சொல்ல வேண்டுமானால், எனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்று குழந்தைக்குப் புரிய வேண்டும். சாதாரணமாக நாலு வயதையொட்டி வரும் திறன் இது. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் கோலி உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். அவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்பதல்ல இதன் பொருள். அடுத்தவர் மனத்தில் ஓடுவதை ஊகிப்பது எல்லாருக்கும் தானாக வந்துவிடாது என்பதுதான்.

இப்போது காக்காய் கதைக்குத் திரும்பிப் பாருங்கள். நரி வாயால் சொல்வது ஒன்று, மனத்தில் நினைப்பது ஒன்று, காக்காய் நம்புவது இன்னொன்று. சாலியின் சோதனை அத்தனையும் அதற்குள் இருக்கிறது. நம் பாட்டிமார் அதைச் சோறூட்டும் நேரத்தில் நடத்தி முடித்திருக்கிறார்கள். நீதியைச் சொல்லும் அவசரத்தில் குழந்தைக்கு எது புரிந்தது என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆசிரியையாக இருந்த கேரல் கிரே, ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்காகச் ‘சோஷியல் ஸ்டோரி’ என்ற முறையை உருவாக்கினார். நடக்கப்போவதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்கும் கதை அது. விவரிப்பு அதிகம், கட்டளை குறைவு என்பது அதன் விதி. நம் ஊர்க் கல்யாணத்துக்கு அப்படி ஒரு கதை எழுதினால் இப்படி இருக்கும்:

“நாளைக்கு மாமா கல்யாணம். மண்டபத்தில் நிறைய பேர் இருப்பார்கள். சிலர் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். என்னைப் பிடிக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். பிடிக்காவிட்டால் நான் கை கூப்பி வணக்கம் சொல்லலாம். தாலி கட்டும்போது மேளம் திடீரென்று சத்தமாகும். அது சந்தோஷச் சத்தம். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம், அம்மாவோடு வெளியே போகலாம். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்துவிடும்.”

கெட்டிமேளத்தில் அலறித் துடித்த பிள்ளையை ‘வளர்ப்பு சரியில்லை’ என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்த காலத்தையும் இந்த ஒன்பது வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு தெரியும். இதில் நீதி எதுவும் இல்லை. குழந்தைக்குத் தகவலும், தேர்ந்தெடுக்க இரண்டு வழியும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ‘ஒரு மாதிரி’ பிள்ளைக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்துவிட்டது. பள்ளிகளில் சிறப்பாசிரியர்களும் வந்திருக்கிறார்கள்.

இன்றைய அலமாரி

தமிழில் இன்றைக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் பல மொழிகளில் படக்கதைகள் போடுகிறது. 2015 முதல் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் கருவாகக் கொண்டு யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வீட்டில் வாய்திறக்கவே தயங்கிய விஷயம் சிறார் நாவலுக்கு வந்து, தேசிய விருதும் பெற்றிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, தெருவிலிருந்தே தன்னார்வலர்களை எடுத்துப் பாட்டும் கதையுமாக மாலை வகுப்புகளை நடத்தியது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு கதைப் புத்தகங்களைக் கொடுத்தது.

ஆனால் புது வழியிலும் பழைய வியாதி ஒட்டிக்கொள்கிறது. கதைக்குக் கீழே ஒர்க்‌ஷீட். நான்கு மஞ்சள் முகங்கள். ‘சரியான முகத்தை வட்டமிடுக’. காக்காய்க்கு ஒரே நேரத்தில் வருத்தமும் வெட்கமும் கோபமும் வந்திருக்கலாம். வட்டமோ ஒன்றுதான். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார்; ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று காரணத்தோடு வகுத்தார். அழுகை இழப்பால் மட்டும் வருவதில்லை, இகழ்ச்சியாலும் வறுமையாலும் வரும் என்று வகுத்த மொழி, நாலு முகத்தோடு நின்றுவிடலாமா? சரியான முகத்தை வட்டமிடச் சொல்வது நீதிபோதனைக்கே கலர் பூசிய வடிவம்.

இன்னொன்று கைப்பேசி. யூடியூபில் காக்காய் கதை எத்தனையோ விதமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காக்காய், குழந்தை “ம்” கொட்டியதா என்று காத்திருக்காது. “ஏன்?” என்றால் நிற்காது. பாட்டி தப்பான நீதியே சொல்லியிருந்தாலும், பயந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் புலியைச் சட்டென்று பூனையாக்கத் தெரிந்தவள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயது வரை திரை பார்ப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூட இருந்து வாசிப்பதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஆக, அன்று ஆள் இருந்தார், கேள்வி இல்லை. இன்று கேள்வி இருக்கிறது, ஆள் குறைந்துவிட்டார். இரண்டையும் சேர்ப்பதற்குப் புதுத் திட்டமோ விலையுயர்ந்த புத்தகமோ வேண்டாம். இன்றிரவு உங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய கதையையே சொல்லுங்கள். முடிந்ததும் நீதியைச் சொல்லாதீர்கள். “அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, குழந்தை வாய்திறக்கும் வரை பொறுத்திருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.