வீட்டிலேயே நெயில் ஆர்ட்: நிஜமாவே காசு மிச்சமாகுதா?

"பார்லர்ல போனா ஆயிரம் ரூபாய், வீட்டிலேயே போட்டா ஐம்பது ரூபாய்!" இப்படி ஒரு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. கீழேயே கிட் வாங்க லிங்க்கும் இருக்கும். சம்பளம் வந்த வாரத்துல பார்த்தா, கை தானா ஆர்டர் போட்டுடும்.

நெயில் ஆர்ட் வேண்டாம்னு சொல்ல வரல. ஆடி மாசம் மருதாணி வெச்சுக்கிற ஊர் நம்முடையது, விரல் அழகு நமக்குப் புதுசு இல்ல. ஆனா "மிச்சம்"ங்கிற வார்த்தையை யாராவது சொன்னா, அதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கணும். அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு கேள்வி

கடந்த 6 மாசத்துல நெயில் ஆர்ட்டுக்காக எத்தனை தடவை பார்லர் போனீங்க? ஞாபகத்துல இருந்து சொல்லாதீங்க. யூபிஐ ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க.

ஒரு தடவைக்கு 600 ரூபாய்னு வெச்சு 4 தடவை போயிருந்தா 2,400 ரூபாய். அதை வீட்டுக்கு மாத்தினா நிச்சயம் மிச்சம். ஒரு தடவைகூட போகலையா? அப்போ கிட் வாங்குறது சேமிப்பு இல்ல, புது செலவு. போகாத பார்லர்ல மிச்சம் பிடிக்க முடியாது. ஆசைக்காக வாங்குறது தப்பே இல்ல. பட்ஜெட்ல அதை "பொழுதுபோக்கு"ன்னு எழுதுங்க, "சேமிப்பு"ன்னு எழுதாதீங்க.

ஆரம்பிக்க என்ன வேணும்?

கீழே இருக்கிறது உதாரண விலை. உங்க ஊர் கடை விலையைப் போட்டுக்கோங்க.

- பேஸ் கோட்: 150
- டாப் கோட்: 150
- சின்ன பாட்டில் நெயில் பாலிஷ், 4 கலர்: 400
- ரிமூவர்: 100
- மெல்லிசான கோடு போடும் பிரஷ்: 100
- புள்ளி வைக்கும் டாட்டிங் டூல்: 100
- ஃபைல்: 100

மொத்தம் 1,100 ரூபாய். இதுல 20 தடவை போட்டா ஒரு தடவைக்கு 55 ரூபாய். 5 தடவையோட அலமாரிக்குள்ள போயிட்டா 220 ரூபாய். ரீல்ஸ்ல சொல்ற ஐம்பது ரூபாய், நீங்க தொடர்ந்து போட்டா மட்டும்தான் வரும்.

இன்னொரு விஷயம். பெரிய பாட்டில் மில்லி கணக்குல மலிவாத் தெரியும். ஆனா திறந்த பாலிஷ்ல இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, பாலிஷ் கெட்டியாயிடும். பெரிய பாட்டிலை முடிக்கிறவங்க குறைவு. அதனால சின்ன பாட்டில்தான் லாபம்.

மூணு டிசைன், மூணுமே ஈஸி

எந்த டிசைனா இருந்தாலும் தொடக்கம் ஒண்ணுதான். நகத்தை ரிமூவர்ல துடைச்சு எண்ணெய்ப் பசையை எடுங்க. ஒரு பேஸ் கோட். அதுக்கு மேல கலர் ரெண்டு மெல்லிய கோட். ஒரே தடவையில தடிமனாப் போட்டா காயாது, உரிஞ்சும் வரும்.

1. புள்ளிப் பூ: அலுமினியம் ஃபாயில்ல ஒரு சொட்டு பாலிஷ் விடுங்க. டாட்டிங் டூல் இல்லைன்னா டூத் பிக் முனை, ஹேர் பின் நுனி போதும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஐந்து புள்ளி வட்டமா, நடுவுல வேற கலர்ல ஒரு புள்ளி. பூ ரெடி. ஒவ்வொரு புள்ளிக்கும் தொட்டு எடுத்தா எல்லாம் ஒரே அளவு வரும். தொடாமலே தொடர்ந்தா சின்னதாயிட்டே போகும், அதுவும் ஒரு டிசைன்தான்.

2. டேப் கோடு: முதல் கலர் நல்லாக் காயணும், ஒரு மணி நேரம் விட்டா நல்லது. டேப்பைப் புறங்கையில ஒரு தடவை ஒட்டி எடுத்து, பசையைக் குறைச்சுட்டு நகத்துல ஒட்டுங்க. ரெண்டாவது கலரை அடிச்சு, அது ஈரமா இருக்கும்போதே டேப்பை உரிங்க. காய்ஞ்ச பிறகு உரிச்சா ஓரம் பிசிறும்.

3. ஸ்பாஞ்ச் ஷேட்: அடியில வெள்ளை அல்லது வெளிர் கலர். சின்ன ஸ்பாஞ்ச் துண்டுல ரெண்டு கலரைப் பக்கத்துல பக்கத்துல தடவி, நகத்துல மெதுவா ஒத்தி எடுங்க. ரெண்டு மூணு சுற்று வேணும். நகத்தைச் சுற்றி இருக்கிற தோல்ல முன்கூட்டியே வெள்ளைப் பசையை மெல்லிசாத் தடவிக் காயவிட்டா, கடைசியில உரிச்சு எடுத்துடலாம்.

டிசைன் கொஞ்சம் காய்ஞ்சதும் டாப் கோட். பிரஷை அழுத்தாதீங்க, அழுத்தினா டிசைன் கலைஞ்சுடும். நகத்தோட நுனி விளிம்புலயும் ஒரு இழுப்பு இழுங்க. அங்கதான் முதல்ல உரியும். ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு டாப் கோட் போட்டா ஆயுள் கூடும். அதே 55 ரூபாய் 3 நாள் நின்னா ஒரு நாளைக்கு 18 ரூபாய்க்கு மேல, 6 நாள் நின்னா 9 ரூபாய்.

தண்ணியில கலர் கலரா சொட்டு விட்டு விரலை முக்குற "வாட்டர் மார்பிள்" வீடியோவுல அழகா இருக்கும். ஆனா பாலிஷ்ல பெரும் பகுதி தண்ணியிலேயே போயிடும். பழகின பிறகு பாருங்க.

ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். சமையல் அறையில, விளக்குப் பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

ஜெல் கிட்: இங்க கொஞ்சம் நில்லுங்க

ஜெல் பாலிஷுக்கு யூவி அல்லது எல்இடி லேம்ப் தேவை. லேம்ப் 1,500, பேஸ் கோட், டாப் கோட் 500, கலர்கள் 800, ரிமூவர் வகையறா 400னு வெச்சா 3,200 ரூபாய். பார்லர்ல ஜெல்லுக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறவங்களுக்கு நாலாவது தடவையில முதல் திரும்பிடும்.

ஆனா பணத்தைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. சரியா இறுகாத ஜெல் தோல்ல பட்டா அலர்ஜி வரலாம். ஒரு தடவை வந்தா வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். பல் சிகிச்சையில பயன்படுத்துற சில பொருட்களும் இதே குடும்பம்ங்கிறதால அங்கயும் தொந்தரவு தரலாம். அதனால ஜெல்லும் லேம்ப்பும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பாருங்க, தோல்ல படாமப் போடுங்க, நகத்தோட சேர்த்துப் பிய்க்காதீங்க. ஜெல்லை இறுக வைக்கிற டிபிஓங்கிற ரசாயனத்தை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்கள்ல தடை செஞ்சிருக்கு. வாங்கும்போது "டிபிஓ இல்லாதது"ன்னு லேபிள்ல இருக்கான்னு பாருங்க.

"நோ-காஸ்ட் இஎம்ஐ"ல வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம். கிரெடிட் கார்டு நோ-காஸ்ட் இஎம்ஐல வட்டியைத் தள்ளுபடியா ஈடு கட்டினாலும், அந்த வட்டி மேல ஜிஎஸ்டியும் பல நேரம் பிராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான் விழும். 3,200 ரூபாய்க்கு அது தேவையே இல்ல.

தோழிகள் காசு கொடுக்க ஆரம்பிச்சா?

மாசம் 4 பேர், ஆளுக்கு 300 ரூபாய். வருஷத்துக்கு 14,400. பொருள் செலவு ஆளுக்கு 60 போனா லாபம் 11,520. ஒருத்தருக்கு ஒன்றரை மணி நேரம்னா மணிக்கு 160 ரூபாய். அவங்க வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரமும் 40 ரூபாய் பெட்ரோலும் ஆச்சுன்னா மணிக்கு 80 ரூபாய்தான். விலை சொல்றதுக்கு முன்னாடி இதைப் போட்டுப் பாருங்க.

இப்போ வரி. இது பாக்கெட் மணி இல்ல, தொழில் வருமானம்.

- ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி மாதிரி உத்தேச லாப முறையில காட்டுறவங்களுக்கு ஐடிஆர்-4. அந்த முறையில டிஜிட்டல் வரவுக்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம் காட்டணும். அது குறைந்தபட்சம். நிஜ லாபம் அதிகம்னா அதையே காட்டுங்க.

- சம்பளம் மட்டும் இருக்கிறவங்க பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாறலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். பழைய முறைக்குப் போய் ஒரு தடவை புதியதுக்குத் திரும்பினா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டு வாடகை, ஹோம் லோன் கழிவை நம்பி இருக்கிறவங்க இதைக் கவனிங்க.

- புதிய முறையில 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்ல. சம்பளம் 12.7 லட்சம்னா, 75,000 நிலையான கழிவு போக 11.95 லட்சம். வரி பூஜ்யம். அதோட 11,520 சேர்ந்தா 12,06,520. 12 லட்சத்தைத் தாண்டின 6,520 ரூபாயும் வரியாப் போகும், செஸ் சேர்த்து சுமார் 6,780. கையில நிக்கிறது 4,740 ரூபாய். அந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க மட்டும் இதை யோசிச்சா போதும்.

- ஜிஎஸ்டி பதிவுக்கு சேவைகள்ல பொதுவான எல்லை வருஷத்துக்கு 20 லட்சம் வரவு. இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

- ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளியில சம்பாதிக்கத் தடை இருக்கான்னு படிங்க. இருந்தா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க.

சுருக்கமா சொல்லணும்னா, இன்னைக்கே முழு கிட் ஆர்டர் போடாதீங்க. வீட்ல இருக்கிற ரெண்டு பாலிஷ், ஒரு டூத் பிக், ஒரு டாப் கோட் வெச்சு அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்க. நாலாவது ஞாயிறும் உட்கார்ந்தீங்கன்னா தைரியமா 1,100 ரூபாய் போடுங்க. ரெண்டாவது வாரமே சலிச்சுட்டா, உங்க 1,100 ரூபாய் பத்திரமா இருக்கு. அதுதான் நிஜமான மிச்சம்.