கடலில் வேகத்தின் விலை

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஹாலிஹெட் துறைமுகத்துக்கும் அயர்லாந்தின் டன் லேரி துறைமுகத்துக்கும் இடையே ஐரிஷ் கடல் கிடக்கிறது. கடல் வழித் தொலைவு ஏறத்தாழ 105 கிலோமீட்டர். 1996-ஆம் ஆண்டு இவ்வழியில் 'ஸ்டீனா எக்ஸ்புளோரர்' என்னும் புதுமையான கப்பல் ஓடத் தொடங்கியது. 1,500 பயணிகளையும் 375 கார்களையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து, 99 நிமிடத்தில் அக்கரை சேர்ந்தது. சாதாரணக் கப்பலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது. விமானங்களில் உள்ளவை போன்ற நான்கு வாயு டர்பைன்கள் அதை இயக்கின. ஆயினும் 2014-ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பின் அது அவ்வழியில் ஓடவில்லை. பதினெட்டு ஆண்டு என்பது கப்பலுக்கு முதுமையன்று. பின் ஏன் நிறுத்தினார்கள்?

விடையின் பெரும்பகுதி பௌதிகப் பாடத்தில் இருக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைப் பிளந்துகொண்டு செல்லும் கலத்தின் மீது இரு வகைத் தடைகள் செயல்படுகின்றன. ஒன்று, கலத்தின் உடலோடு நீர் உராய்வதால் வருவது. மற்றொன்று, கலம் தானே எழுப்பும் அலைகளால் வருவது. அலையை எழுப்பவும் ஆற்றல் வேண்டுமல்லவா? அந்த ஆற்றல் எஞ்சினிலிருந்துதான் வரவேண்டும். வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் கலத்தின் நீளத்தையே எட்டிவிடுகிறது. அப்போது கப்பல் தன் அலையின் மேட்டிலேயே தான் ஏற முயல்வது போலாகும். இதைத் தணிக்கத்தான் 'எக்ஸ்புளோரரை' இரண்டு ஒல்லியான உடல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

தோராயமாகச் சொன்னால், தடைவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. வேகத்தை இரட்டித்தால் எஞ்சின் திறன் எட்டு மடங்காக வேண்டும். பயண நேரம் பாதியாகிவிடுவதால், ஒரு பயணத்துக்கான எரிபொருள் நான்கு மடங்காகும்.

'எக்ஸ்புளோரரின்' டர்பைன்களின் மொத்தத் திறன் ஏறத்தாழ 68,000 கிலோவாட். ஒன்றரை மணி நேரம் முழுத் திறனில் ஓடியதாகக் கொண்டால், செலவான ஆற்றல் ஒரு லட்சம் கிலோவாட்-மணி, அதாவது ஒரு லட்சம் யூனிட். டர்பைனின் பயனுறுதிறன் 35 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு வழிப் பயணத்துக்கு 20 டன்னுக்கும் அதிகமான எண்ணெய் எரிந்திருக்கும். பீப்பாய் 20 டாலரை ஒட்டி இருந்த 1996-ல் இதைத் தாங்க முடிந்தது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது தாங்க முடியவில்லை. பயண நேரத்தை இரண்டு மணி அளவுக்கு நீட்டினார்கள். மேற்சொன்ன கணக்கின்படி இதனால் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாக வேண்டும். ஆனால் டர்பைன் முழுச் சுமையில்தான் சிக்கனமாக ஓடும். சுமை குறைந்தால் அதன் பயனுறுதிறனும் குறையும். அதற்கும் மேலாக, வேகத்துக்கென்றே கட்டிய கப்பல் மெதுவாகச் சென்றால் அதற்கென்று என்ன தனிச்சிறப்பு?

பணத்தின் பக்கமும் ஓர் அடி விழுந்திருந்தது. இத்தகைய கப்பல்களின் வருவாயில் டிக்கெட் மட்டுமல்ல, கப்பலில் சுங்க வரியின்றி விற்ற மதுவுக்கும் சிகரெட்டுக்கும் நல்ல பங்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் செல்லும் பயணங்களில் அச்சலுகை 1999 ஜூலை முதல் நீக்கப்பட்டது. மலிவுக் கட்டண விமானங்கள் வேறு போட்டிக்கு வந்தன.

இதற்கு நேர்மாறான முயற்சியை நார்வேயில் காணலாம். மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்திருக்கும் அந்நாட்டில், நெடுஞ்சாலை அடிக்கடி நீர்க்கரையில் முடிந்துவிடும்; மறுகரை செல்ல வண்டியோடு கப்பலில் ஏற வேண்டும். லாவிக், ஓப்பெடால் என்னும் இரு ஊர்களுக்கிடையே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், 2015 முதல் 'ஆம்பியர்' என்ற கப்பல் முற்றிலும் மின்கலத்தால் ஓடியது. மாணவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் அலகின் பெயர்தான்! 120 கார்கள், 360 பயணிகள்; வேகம் மணிக்கு 10 கடல் மைல்; ஒரு கடப்புக்கு 20 நிமிடம். செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 150 யூனிட்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'எக்ஸ்புளோரர்' நான்கு மடங்கு பயணிகளை 18 மடங்கு தொலைவுக்குக் கொண்டு சென்றது. மொத்தம் 72 மடங்கு வேலை. செலவான ஆற்றலோ 650 மடங்குக்கு மேல். ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒன்பது மடங்கு ஆற்றல்! வேகம் மட்டும் நான்கு மடங்கு என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை.

'ஆம்பியர்' கரையில் நிற்பது சுமார் பத்து நிமிடம். அதற்குள் 150 யூனிட் ஏற்ற வேண்டுமானால் 900 கிலோவாட் திறன் வேண்டும். சிற்றூர்களின் மின்கம்பிகள் அதைத் தாங்கா. எனவே இரு துறைகளிலும் 260 யூனிட் கொள்ளும் மின்கலங்களை வைத்தார்கள். நம் வீட்டு மாடித் தொட்டியை எண்ணிப் பாருங்கள். மெல்லிய குழாய் வழியே நெடுநேரம் நிரம்பும்; திறந்தால் சட்டென்று வாளியை நிறைத்துவிடும். கரையிலுள்ள மின்கலமும் அப்படியே மெல்ல நிரம்பிக் கப்பலுக்கு விரைந்து கொடுக்கிறது. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால், புகையை இங்கிருந்து மின்நிலையத்துக்கு மாற்றிய குற்றமும் இல்லை.

இது தானாக நடந்துவிடவில்லை. அந்நாட்டின் சாலைத் துறை 2010-ல் ஒரு போட்டியை அறிவித்தது. சிறந்த கப்பலுக்குப் பரிசு, அவ்வழியில் பல ஆண்டுகள் ஓட்டும் உரிமை. மின்கலக் கப்பலில் முதற்செலவு மிகுதி, அன்றாடச் செலவு குறைவு. நீண்டகால ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் முதலீடு செய்பவர் துணிவார். மின்கலத்தைவிட அந்த ஒப்பந்தமே பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

நம் அருகிலும் ஒரு சான்று உண்டு. கேரளத்தில், சத்தியாக்கிரகத்தால் நாமறிந்த வைக்கத்திலிருந்து வேம்பநாட்டு ஏரியைக் கடந்து தவணக்கடவு செல்ல, 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்னும் சூரிய ஒளிப் படகை மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை விட்டது. 75 பேர் அமரலாம். அதன் மோட்டார்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 20 கிலோவாட். மெதுவாகச் செல்வதால்தான் கூரையிலுள்ள தகடுகளின் மின்சாரம் அதன் தேவையில் பெரும்பகுதியைத் தருகிறது.

அப்படியானால் நெடுந்தொலைவுக் கப்பல்களையும் மின்கலத்தில் ஓட்டலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் உள்ளது. 'ஆம்பியரில்' 10 டன் மின்கலம் 1,000 யூனிட்டைத் தாங்கியது, கிலோவுக்கு 0.1 யூனிட்தான். இக்கணக்கில் 'எக்ஸ்புளோரருக்கு' 1,000 டன் மின்கலம் வேண்டும். அது ஏற்றிய கார்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் அவ்வளவு எடை வராது. இன்றைய மின்கலங்கள் இதைவிட இலகுவானவை எனினும், 40 கடல் மைல் வேகத்துக்கு அவை போதா.

இத்தகைய வழிகளில் புகைக்கு விலை வைப்பது ஒரு கொள்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரி முதல் பெரிய கப்பல்களின் கார்பன் வெளியீட்டுக்குக் கட்டணம் விதித்தது. ஆனால் தீவில் வாழ்பவனுக்குக் கப்பல்தானே சாலை? கட்டணம் முடிவில் அவன் டிக்கெட்டில்தான் ஏறும். ஆகவே இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்களுக்கு 2030 வரை விலக்குப் பெற இடம் வைத்தார்கள்.

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலுள்ள 60 கடல் மைலும் ஐரிஷ் கடல் வழியின் நீளத்தை ஒட்டியதே. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய 'செரியபாணி' கப்பல் வடகிழக்குப் பருவமழையால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16-ல் 150 பேர் செல்லத்தக்க 'சிவகங்கை' கப்பலுடன் சேவை மீண்டும் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் நின்றாலும் வட்டியும் சம்பளமும் காப்பீடும் நிற்பதில்லை. அவற்றையெல்லாம் ஓடும் மாதங்களின் டிக்கெட்டுகளே சுமக்க வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்கக்கூடியது எரிபொருளில்தான். நான்கு மணிப் பயணத்தை ஐந்து மணியாக்கினால், மேற்கண்ட இருமடி விதிப்படி எரிபொருள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். அம்மிச்சம் கட்டணத்தில் குறைக்கப்படுமானால், யாழ்ப்பாணத்துக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கடல் பார்க்க மறுக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.