காலநிலைச் சமூக அறிவியல் ஆய்வுப் பணிகள்: கம்பம் பள்ளத்தாக்கு

காலநிலைச் சமூக அறிவியல் என்பது மழை, வெப்பம், நீர்வரத்து ஆகியவற்றில் ஏற்படும் மாற்றம் மக்களின் தொழிலையும் வருமானத்தையும் இடப்பெயர்வையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராயும் துறையாகும். மழை எவ்வளவு குறைந்தது என்பதை வானிலை நிலையம் அளந்து சொல்லும். அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை அறிய மக்களிடம்தான் செல்ல வேண்டும்.

ஆய்வுக்குரிய களம்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரைக் கொண்டு இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் நீர் திறக்கப்படும். அது தள்ளிப்போனால் நில உரிமையாளர், குத்தகைதாரர், நடவுக் கூலிப் பெண்கள் ஆகிய மூவருக்கும் பாதிப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. பயிர்ச் சேத நிவாரணம் நிலப்பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நிலமற்ற கூலியாட்கள் அதில் இடம்பெறுவதில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். 2024 கோடை வெப்பத்தில் அங்கு ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. செடிகளின் சேதம் கேரளத்தில் கணக்கிடப்படும். வேலை இழந்தவர்களின் வீடுகளோ தமிழ்நாட்டில் உள்ளன. இரு மாநிலக் கணக்குகளிலும் விடுபடக்கூடிய இத்தகைய வேலைநாள் இழப்பைப் பதிவு செய்வது சமூக ஆய்வாளரின் பணியாகும்.

ஆய்வு முறை

வீடுவீடாகக் கணக்கெடுத்தல், நேர்காணல், குழு உரையாடல் ஆகியவை முதன்மையான முறைகள். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராம ஆய்வுகளை நடத்தினார். அவற்றுள் சில கிராமங்கள் பின்னர் பலமுறை மறு ஆய்வு செய்யப்பட்டன. ஒரே ஊரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும்போதுதான், ஓராண்டு வறட்சியையும் நீண்டகால மாற்றத்தையும் பிரித்தறிய முடியும்.

கல்வியும் வேலைவாய்ப்பும்

பொருளியல், சமூகவியல், புவியியல், சமூகப்பணி ஆகியவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் பெறுவது முதற்படி. தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) உயர்மதிப்பெண் பெறுவோர் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம். 1969இல் நிறுவப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் ஆய்வுகளுக்கு நிதியுதவி வழங்குகிறது.

திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம், சென்னையிலுள்ள வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை ஊரகம் சார்ந்த ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றவை. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் கள ஆய்வாளர், திட்ட உதவியாளர், தரவுப் பகுப்பாய்வாளர் போன்ற பணிகளில் தொடங்கலாம். இவற்றுள் பல, திட்டக்காலம் முடிந்ததும் நின்றுவிடும் தற்காலிகப் பணிகள் என்பதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

உள்ளூர் மாணவர்களின் வலிமை

விதைப்புக் காலம், கூலி முறை, வாய்மொழிக் குத்தகை போன்றவை பள்ளத்தாக்கில் வளர்ந்த மாணவருக்குப் பழக்கமானவை. வெளியூர் ஆய்வாளருக்குக் கேட்கவே தோன்றாத கேள்விகள் அவருக்குத் தோன்றும். எனினும் தெரிந்தவர்களிடம் மட்டும் விவரம் திரட்டினால் ஆய்வு ஒருதலையாகிவிடும். ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் சென்று கேட்பதே நம்பத்தகுந்த ஆய்வுக்கு அடிப்படை.