குற்றச்சாட்டா, வழக்கா, தண்டனையா? போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்

தேர்தல் வந்துவிட்டால் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பே இரண்டாகிவிடும். "இவர் மேல பத்து கேஸ் இருக்கு" என்று சித்தப்பா ஒரு படம் போடுவார். "உங்க ஆளு ஜெயிலுக்கே போனவராச்சே" என்று மச்சான் பதிலுக்கு ஒன்று போடுவார். மேடையில் பெரிய தலைவர்கள் ஒருவரையொருவர் சாடுவதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். எது உண்மை என்று யாரிடம் கேட்பது?

வேட்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தையே பார்க்கலாம். வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தை அவர் தாக்கல் செய்தாக வேண்டும். வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்த பிறகு வந்த ஏற்பாடு இது. சொத்து, கடன், படிப்பு, ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு, நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி மூன்றையும் தேர்ந்தெடுத்தால் அந்தப் பத்திரத்தை இறக்கிக்கொள்ளலாம். 'நோ யுவர் கேண்டிடேட்' என்ற செயலியையும் ஆணையம் 2022-ல் கொண்டுவந்தது. சுருக்கமாகக் கே.ஒய்.சி. பேங்கில் கேட்கிற கே.ஒய்.சி. வேறுங்க!

பத்திரத்தைத் திறந்ததும் வழக்குப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். குழப்பமே அங்கேதான். எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பது ஒரு கட்டம். நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு பதிவு செய்வது அடுத்த கட்டம். குற்றவாளி என்று தீர்ப்பாவது கடைசிக் கட்டம். முதல் இரண்டில் இருப்பவர் தேர்தலில் நிற்கத் தடையில்லை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் பதவி உடனே போகும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம் என்றிருந்த சலுகையை 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

தேதியும் முக்கியம். அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மறுநாளே எம்.பி. பதவி பறிபோனதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க, ஆகஸ்ட் 7-ல் பதவி திரும்பக் கிடைத்தது. மார்ச் மாதத்துச் செய்தியை செப்டம்பரில் ஃபார்வர்டு செய்தவர், தெரியாமலே தப்பான தகவலைப் பரப்பியிருப்பார்.

கட்சிகளும் பதில் சொல்ல வேண்டும். வழக்கு உள்ள ஒருவரை ஏன் நிறுத்துகிறோம் என்ற காரணத்தை, தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். 'ஜெயிக்கக்கூடியவர்' என்பது மட்டும் காரணம் ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சில கட்சிகள் எழுதும் காரணத்தைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனாலும் எழுத்தில் இருக்கிறதே!

பத்திரத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே, தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தில் பரப்புவதும் குற்றம்தான். ஃபார்வர்டு செய்யும் நமக்கும் இது பொருந்தும்.

பத்திரம் தாக்கல் செய்த நாளோடு நின்றுவிடும். அதன் பிறகு வழக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய, அதில் உள்ள நீதிமன்றப் பெயரையும் வழக்கு எண்ணையும் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா தேதி வரைக்கும் காட்டும்.