இயற்கை அரிசி: வயலில் நடப்பதும் கடையில் சொல்ல வேண்டியதும்

"இது இயற்கை அரிசிதானா? ஏன் இவ்வளவு விலை?" நம் கடைகளில் இன்று அடிக்கடி எழும் கேள்வி இது. "ஆமாம்" என்ற ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. தெரியாததை மிகைப்படுத்திச் சொன்னால் ஒரு மூட்டை விற்கும். வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். ஆகவே வயலிலிருந்தே தொடங்குவோம்.

மண்ணில் என்ன மாறுகிறது?

மண் வளத்தின் முக்கியமான அளவுகோல் அதிலுள்ள அங்ககக் கரிமம். மண் பரிசோதனையில் இது 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் இருந்தால் அதிகம் என்று கணக்கு. நம் நாட்டு வெப்பத்தில் கரிமம் விரைவில் சிதைந்துவிடும். ஆண்டுதோறும் ஈடுசெய்யாவிட்டால் நிலம் இளைத்துப் போகும்.

1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டு விலையில் நீடித்தது. மலிவாகக் கிடைத்ததையே விவசாயிகள் கூடுதலாகப் போட்டதில் வியப்பில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உண்டு. ஆனால் அது பயிருக்குத்தான் உணவு. மண்ணுக்குக் கரிமம் எதையும் சேர்ப்பதில்லை.

இயற்கை விவசாயத்தில் தொழு உரம், அசோலா, பசுந்தாள் உரம் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. தக்கைப்பூண்டு அல்லது சணப்பையை விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறார்கள். நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்ய, சத்து மெதுவாகவும் தொடர்ந்தும் பயிருக்குக் கிடைக்கிறது. காவிரி டெல்டாவில் நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு போடும்போது, கரிமம் மிகுந்த நிலம் ஈரத்தைக் கூடுதல் நாள் தாங்கி நிற்கும்.

இது ஒரே போகத்தில் நடப்பதல்ல. முறை மாறும் முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் குறைவது வழக்கம்; களை எடுக்கவும் கூடுதல் ஆள் வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

அரிசியில் என்ன மாறுகிறது?

யூரியா மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகி, புகையான், இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கும், காற்றுக்குச் சாயும். சாய்ந்த கதிரில் மணி சீராக முற்றாது. ஆலையில் அரைக்கும்போது நொய் கூடும் என்பது மண்டிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அளவான சத்தில் வளர்ந்த பயிருக்கு இந்தத் தொல்லை குறைவு. தழைச்சத்து மிகும்போது அரிசியில் புரதம் சற்றுக் கூடி, சோறு சற்று இறுகவும் செய்யும்.

இருந்தாலும் "சத்து பல மடங்கு" என்று நாம் சொல்வது சரியாகாது. இரண்டு அரிசிக்கும் சத்தில் உள்ள வேறுபாடு சிறியது. தெளிவான வேறுபாடு பூச்சிமருந்து எச்சத்தில்தான். குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் அனுமதி அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் பாஸ்மதி அரிசிக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தபோது, நம் நாட்டு ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு வணிக உலகம் அறிந்ததே.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்பவை ரகங்கள். பாரம்பரிய ரகம் என்பதாலேயே அது இயற்கையில் விளைந்தது ஆகிவிடாது. பொன்னியையும் இயற்கை முறையில் விளைவிக்கலாம். சுவையும் மணமும் பெரும்பாலும் ரகத்தையும், அரிசி பழையதா புதியதா என்பதையும், எவ்வளவு தீட்டினார்கள் என்பதையும் பொறுத்தவை.

நம் பொறுப்பு

வயலில் விவசாயி காத்ததை நம் கிடங்கில் கெடுத்துவிடக் கூடாது. இயற்கை அரிசி இருக்கும் இடத்தில் வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதற்கு அனுமதி இல்லை. மற்ற மூட்டைகளோடு கலக்காமல் தனி அட்டியில் அடுக்குவது, நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, சரக்கைக் குறைவாக வாங்கி விரைவில் விற்பது ஆகியவையே நல்ல வழி. தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது சட்டம். இயற்கை உணவுப் பொருள்களுக்கான விதிகள் 2018 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று அல்லது பங்கேற்பு உத்தரவாத முறைச் சான்று வேண்டும். பையில் விதிப்படியான சின்னம் இருக்க வேண்டும். சிறு விவசாயி நுகர்வோருக்கு நேரடியாக விற்பதற்கு விலக்கு உண்டு. வாங்கி விற்கும் நமக்கு அந்த விலக்கு இல்லை. தெரிந்த விவசாயி என்பதற்காகச் சான்று கேட்காமல் விட்டுவிட்டால், நாளை ஆய்வாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து அது இயற்கையா என்று எவராலும் சொல்ல முடியாது. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மண்டிக்காரராலும் முடியாது. வாடிக்கையாளர் நம்புவது நம் பில்லையும் நம் வாய்ச்சொல்லையும்தான். அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் கூடுதல் விலை தருகிறார். அதைக் காப்பாற்றினால் விவசாயிக்கு நல்ல விலை நிலைக்கும்; நம் கடையின் பெயரும் நிலைக்கும்.